தாமசின் பாஸ்கின் மஞ்சள் படை

எங்கள் ஊரில் பீர் காய்ச்சிப் பிழைத்த விதவை தாமசின் பாஸ்க், யாரோடும் வம்புக்குப் போனவர் அல்லர். கணவர் இறந்தபின் அவர் அறிந்த எதிரிகள் இரண்டே: வடிசாலையின் ஓட்டைக் கூரையும், காசு கொடுக்காமல் குடிக்கும் பாதிரியாரும். ஃப்ளாண்டர்ஸிலிருந்து கப்பலேறி வந்து இந்த ஊரிலேயே தங்கி, பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவை அவருக்கு விற்கிற எனக்கு, அவர் படைத்தலைவியான கதையைச் சொல்ல இன்றும் சற்று நடுக்கம்தான்.

வினை ஒரு துணிச்சுருள் வடிவில் வந்தது. எங்கள் சஃபோக் சாயக்காரர் ஒருவர் பச்சை போட நினைத்து, நோய்ப்பட்ட வாத்துக்குஞ்சின் மஞ்சளில் ஒரு சுருளைத் தோய்த்துவிட்டார். தாமசின் அதைக் கால் விலைக்கு வாங்கினார். வேலையாட்கள் ஐந்து பேருக்கும் குளிர்ச்சட்டை தைத்தார். மிஞ்சிய துண்டு, பீர் வண்டிக் கிழக்குதிரையின் முதுகுக்குப் போயிற்று.

ஆனால் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. பிரபுக்கள் ஒரே நிறச் சட்டையில் அடியாட்களைத் திரட்டி முப்பது வருடம் நாட்டைக் கொளுத்தினார்கள். அந்தச் சண்டையில் மணிமுடியை வென்ற ஹென்றி ராஜா, இனி எவனும் கூட்டத்துக்குச் சீருடை கொடுக்கக்கூடாது என்றார். வீட்டோடு தங்கும் வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு. மீறினால் ஆளுக்கு மாதம் நூறு ஷில்லிங் அபராதம். இதனால் நாட்டில் அமைதி வந்தது. கஜானாவுக்குக் காசும் வந்தது.

ராஜாவின் விசாரணையாளர் டிரேகாட், எழுத்தரோடு வந்து வடிசாலை முற்றத்தில் நின்றார். ஹாப்ஸ் மூட்டையோடு வந்திருந்த நான் குதிரைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஒரே நிறத்துல அஞ்சு ஆள். என்னம்மா இது?"

"குளிருக்குச் சட்டைங்கய்யா."

"வீட்டோட தங்குற வேலைக்காரங்களா?"

"இல்லைங்க, அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அப்ப படைதான். குதிரை வேற."

"அதுக்குக் கண்ணு தெரியாதுங்க."

டிரேகாட் எழுத்தரிடம் திரும்பினார். "குதிரைப்படை, ஒண்ணு. கண்ணைப் பத்தி எழுத வேண்டாம்."

தாமசின் மனக்கணக்குப் போட்டார். வடிசாலையை விற்றாலும் அந்த அபராதத்தில் பாதி தேறாது.

"ஐயா, இவனுங்க படையா? சண்டைன்னா மொதல்ல ஓடுறவன் இந்த ஹேமண்ட்."

"ஊர் முன்னாடி இப்படிச் சொல்றீங்களேம்மா," என்றான் ஹேமண்ட். வண்டி ஓட்டுகிறவன், ரோஷக்காரன்.

"வாய மூடுடா. உன் சோத்துக்காகத்தான் சொல்றேன்."

சண்டைக்கு லாயக்கில்லை என்பதை வில் மைதானத்தில் நிரூபிக்கலாம் என்றார் டிரேகாட். குதிரையையும் ஓட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். போகும் வழியிலேயே தாமசின் ஐவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: குறி தப்ப வேண்டும். நால்வர் அருமையாகத் தப்பினார்கள். ஓர் அம்பு பாதிரியாரின் முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கியது. தாமசினுக்கு அதில் இரட்டிப்பு மகிழ்ச்சி.

"அப்ப ஞாயித்துக்கிழமை யாரும் வில் பழகுறதில்ல," என்றார் டிரேகாட். "எல்லாரும் பழகணும்னு சட்டம். பழகலைன்னா அதுக்குத் தனி அபராதம் இருக்கு."

ஹேமண்டுக்குப் பொறுக்கவில்லை. முன்னே வந்து, நாண் இழுத்து, குறியின் நடுவில் அடித்தான். "நாங்க பழகுறோங்கய்யா. வாரம் தவறாம."

"எழுதிக்கோ," என்றார் டிரேகாட். "பயிற்சி பெற்ற படை."

தாமசின் புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் குதிரைக்குப் பின்னால் இன்னும் சற்று ஒதுங்கினேன். அந்நியனுக்கு என்ன அபராதம் என்று டிரேகாட் கேட்டுக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற பயம்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் டிரேகாட், உண்மையான கனிவோடு. "உங்க வடிசாலைய வச்சிக்கிட்டு ராஜா என்ன பண்ணப்போறாரு? நீங்க பயந்துக்கிட்டே இருந்தா அவருக்குப் போதும். ஒரு பத்திரம் போட்டுக் குடுங்க. ராஜா மேல படையெடுக்க மாட்டேன், எடுத்தா நாப்பது பவுண்டு தரேன்னு. இப்போதைக்கு எழுத்துக்கூலி மட்டும்."

தாமசின் எழுந்து பாவாடையைத் தட்டினார். வியாபாரி அல்லவா, எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

"சரிங்கய்யா. ராஜாவே மொதல்ல என் மேல படையெடுத்து வந்தா?"

டிரேகாட் எழுத்தரின் காகிதக்கட்டை வாங்கி மேலும் கீழும் புரட்டினார்.

"அதுக்குத் தனிப் பத்திரம்," என்றார் கடைசியில்.

எழுதத் தெரியாத தாமசின், இரண்டிலும் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி இட்டார். கூலியும் இரண்டுக்கும் கொடுத்தார்.