வெறும் சுவரில் சிவப்பு பல்பு

வீட்டை எப்படி விற்றேன் என்று நீங்கள் இரண்டு பேரும் போனில் கேட்டீர்கள். போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர் முதல் நாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய சாமான்களை எடைக்குப் போடச் சொன்னார். கொல்லைக் கதவுக்கு எண்ணெய் விடச் சொன்னார். நல்ல தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத்தான் ஆள் கூட்டி வருவாராம். திண்டுக்கல்லில் வீடு பார்க்க வருகிறவர்கள் சாமி அறையைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயைத்தான் திருகிப் பார்ப்பார்களாம். எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் ஹாலில் உங்கள் அம்மா படத்துக்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மாலை போட்ட படம் இருந்தா வாரவுக மனசு ஒரு மாதிரி ஆயிரும். அவுக வாரப்ப மட்டும் செத்த நேரம் எடுத்து வச்சிருங்க."

செத்த நேரம்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

ஆள் வருவதாகச் சொன்ன நாள் காலையில் படத்தை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் எங்கே வைப்பது என்ற யோசனை வந்தது. சாமி படங்களோடு வைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் தள்ள மனசு வரவில்லை. பீரோவைத் திறந்து, அவளுடைய சுங்குடிச் சேலை ஒன்றில் சுற்றி, மற்ற சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். அந்தச் சேலை சின்னாளப்பட்டிக்குப் போய் அவளே பார்த்து எடுத்தது. கதவைச் சாத்தும்போது, கடைக்குப் போகிறவன் சொல்லிக்கொண்டு போவது மாதிரி, "வாரேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அன்றைக்கு முழுக்க வீட்டைக் கழுவினேன். அவள் இருந்திருந்தால் வீட்டைக் காட்டும் வேலையை என்னிடம் விட்டிருக்கவே மாட்டாள். யார் வந்தாலும் முதலில் அடுப்படிக்குத்தான் கூட்டிப் போவாள். தன் உயரத்துக்குத் தகுந்தபடி மேடையைத் தணித்துக் கட்ட வைத்ததை, கொத்தனாரோடு மல்லுக்கு நின்ற கதையோடு சேர்த்துச் சொல்வாள். பிறகு மொட்டை மாடிக்கு ஏற்றி, மலைக்கோட்டையைத் தானே கொண்டுவந்து வைத்தது போலக் காட்டுவாள். நான் அந்த மேடையைத் துடைத்தபோது என் முதுகு வலித்தது. அவ்வளவு தணிவு. இத்தனை வருஷம் அவள் நின்ற இடத்தில் நான் நின்றே பார்த்ததில்லை என்று அப்போதுதான் பட்டது.

சாயங்காலம் புரோக்கர் போன் செய்து, கூட்டி வருகிறேன், எல்லா லைட்டையும் போட்டு வையுங்கள் என்றார். வரிசையாக எல்லா சுவிட்சையும் தட்டினேன்.

வந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைக்கு இருக்கிறவர்கள். அவர் நேரே குழாய்க்குப் போனார். அந்தம்மா ஹாலிலேயே நின்றுவிட்டது. எதைப் பார்க்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர். ஒரு ஆணி. ஆணிக்கு மேலே அந்தச் சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இருட்டினால் அதைப் போடுவது தினப்படி வழக்கம்; படம் இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

புரோக்கரும் பார்த்துவிட்டார். அணைக்கப் போய் ஃபேனை நிறுத்தினார். அடுத்த தட்டில் ஹால் லைட் போனது. சிவப்பு பல்பு மட்டும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. அசடு வழிந்துகொண்டே லைட்டைத் திரும்பப் போட்டார்.

"இங்கன யாரு படம்ணே இருந்துச்சு?" என்று அந்தம்மா கேட்டது.

சாமி படம்தான், வெள்ளையடிக்க எடுத்து வைத்திருக்கிறது என்று புரோக்கர் முந்திக்கொண்டார். என்னால் அதற்குத் தலையாட்ட முடியவில்லை. வீடு விற்காமல் போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

"எம் பிள்ளைகளோட அம்மா," என்றேன். "பீரோல வச்சிருக்கேன்."

புரோக்கர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"எங்க மாமனாரும் பீரோலதாண்ணே இருக்காரு," என்றது அந்தம்மா. "வீட்டுக்காரவுக ஒரு ஆணி அடிக்க விட மாட்டேங்காக. காலண்டரே கதவுக் கொண்டியிலதான் தொங்குது."

குழாயடியில் இருந்த அவர் கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அந்த ஆணியைத்தான் பார்த்தார். ஆணியைப் பிடுங்காமல் கொடுப்பீர்களா என்று அந்தம்மா கேட்டது. பல்பும் இருக்கட்டும் என்றேன்.

போகும்போது வாசலில் நின்று சொன்னது: "அவுகள எடுத்து மாட்டிருங்கண்ணே. நாங்க வார வரைக்கும் அவுக இடந்தான."

அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வீடு பார்க்க யாரையும் கூட்டி வரச் சொல்லவில்லை. ஆடி கழிந்து ஆவணியில் பத்திரம். அடுப்படி மேடையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வோம் என்று அந்தம்மாவின் புருஷன் சொல்லியிருக்கிறார். சரி என்றேன். அந்தம்மா நல்ல உயரம்.

தம்பி, கோயம்புத்தூரில் நீ இருப்பதும் வாடகை வீடுதான். போன தடவை வந்தபோது பார்த்தேன், சுவரெல்லாம் மொழுமொழு என்று இருக்கிறது, ஒரு ஆணி இல்லை. நான் உன்னோடு இருக்க வருவதற்கு முன்னால் உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. ஒரே ஒரு ஆணிதான், பல்பு கூட வேண்டாம். முடியாது என்று சொல்லிவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லு. அந்தச் சுங்குடிச் சேலையையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.