ஏழாம் நம்பர் டோக்கன்

ஊரார் லேப்டாப்புக்கெல்லாம் உயிர் கொடுக்கும் மெக்கானிக், மனைவியின் லேப்டாப்பை மட்டும் "நாளைக்குப் பாக்கறேன்" என்றே மூன்று வாரம் ஓட்டினார். இன்று பதினொரு மணிக்கு அவளுக்கு அதில்தான் வேலைக்கான நேர்காணல். அவள் கடைக்கே போய் டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழாம் நம்பர்!" என்று நிமிர்ந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆன் ஆகலீங்க. எங்க வீட்லயும் ஒரு மெக்கானிக் இருக்காரு. அவருக்கு நாளைக்கு மட்டும்தான் வேலை செய்யத் தெரியும்."

வரிசை சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த திருகாணிகள் உருண்டோடின.

அவர் லேப்டாப்பை வாங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தது. சார்ஜரை மட்டும் செருகி மறுபடி அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. மணி பத்து ஐம்பது.

"வீட்டுக்குப் போக நேரமில்ல. எந்திரிங்க" என்று அவரை எழுப்பிவிட்டு, அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மெக்கானிக் மற்ற வாடிக்கையாளர்களோடு வாசலுக்குப் போய், சத்தம் போடாமல் நின்றார்.