உச்சிவெயிலில் ஒரு வண்டு

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் மணலில் நடக்க வேண்டும், இப்போது விட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்றார் டாக்டர். இவரோ ஃபைபர் படகில் நின்றுகொண்டே அலைகளைத் தாண்டி மீன்பிடிக்கப் போனவர். பெண்டாட்டி கைபிடித்து நடத்துவதைக் எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டு ஆட்கள் பார்த்தால் மானம் போய்விடுமாம். வீம்பு பிடித்த மனுஷன். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். காலையும் மாலையும் சண்டைதான். கடைசியில், வலை சரிபார்க்கிறவர்கள் சாப்பிடப் போன பிறகு உச்சிவெயிலில் வருவதாக ஒத்துக்கொண்டார்.

இந்த ஊரிலேயே வாழ்ந்தும் அந்த நேரத்துக் கடற்கரையை நான் பார்த்ததில்லை. கானலில் படகுகள் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே மிதந்தன. அலைச் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல எங்கிருந்தோ வந்தது. ஈரமணலில் ஒரு வண்டு ஓடியது. விரல் நகம் அளவுதான், முதுகில் பச்சையாய் ஒரு மினுக்கம். விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். கிட்டே போனால் பறந்து, சற்றுத் தள்ளி இறங்கி, எங்கள் பக்கமே திரும்பி நிற்கும். வீட்டுக்கு வந்து சொன்னபோது, அதற்குப் புலி வண்டு என்று பெயர் என மகள் போனில் பார்த்துச் சொன்னாள். இத்தனூண்டு புலியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்கு வரவில்லை. அதைப் பிடித்தே தீருவதென்று இறங்கிவிட்டார். மறுநாளிலிருந்து நான் கூப்பிடுவதற்கு முன்பே வாசலில் நின்றார். வண்டுக்குப் பின்னால் இவர், இவர் கையைப் பிடித்தபடி நான். எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஊர் சின்னதாகத் தெரியும்.

ஒருநாள் வண்டு மிக அருகில் இறங்கியது. அவர் என் கையை உதறினார். விழப்போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. காலை இழுத்து வைத்தார், ஊன்றினார், அடுத்ததையும் வைத்தார். நான் பதறிப் பின்னால் ஓடினேன். திரும்பாமலே சொன்னார்:

"நீ வராத. பறந்துடும்."

அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை நாள் அவரைப் பிடித்திருந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டு பறந்துதான் போனது. அவர் நிற்கவில்லை.