எளசும் முத்தலும்

படுக்கையை விட்டு எழுந்ததும் பச்சையம்மா தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துவாள். கடற்கரை ஏலத்தில் மீனை அழுத்திப் பார்ப்பாளே, அதே அழுத்தல். குழி உடனே மேலே வந்தால், "இன்னிக்கு நானு நல்ல மீனு" என்பாள். வராவிட்டால் உடம்பில் நீர் தங்கியிருக்கிறது என்று பொருள்.

என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. இரும்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தானே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். பையிலுள்ள சர்க்கரைக் கரைசல் ஒரு குழாய் வழியாக வயிற்றுக்குள் போய், சில மணி நேரம் தங்கி, கழிவையும் நீரையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். பையை மாட்டும் முன் ஜன்னலைச் சாத்துவாள், மின்விசிறியை நிறுத்துவாள், முழங்கை வரை சோப்புப் போடுவாள். நான் எட்டிப் பார்த்தால், "அங்கியே நில்லுண்ணா, கிருமி வரும்" என்பாள். கிருமி நான்தான்.

சர்க்கரை குறைந்த பைக்கு அவள் வைத்த பெயர் எளசு, அதிகமுள்ளது முத்தல். முத்தல் நீரை நன்றாக இழுக்கும். அதை நம்பி, கருவாடு தின்பது, தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது, கால் வீங்கினால் முத்தலை ஏற்றுவது என்று கொஞ்ச காலம் ஓட்டினாள்.

நர்ஸ் ஜோஸ்வின் கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, அவ்ளோ சர்க்கரை அடிக்கடி உள்ள போனா வயித்துச் சவ்வுல இருக்கற ரத்தக்குழாய் கெட்டுப்போகும். அப்புறம் எந்தப் பையும் தண்ணி இழுக்காது. வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரி மெஷின்தான்."

"மூணு நாள் நான் படுத்துகினா மீன் கடைய யாரு பாக்கறது? இவுரா? இவுருக்கு வவ்வா மீனும் பாறை மீனும் ஒண்ணு."

எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அன்றிலிருந்து கருவாட்டை விற்பாள், சமைப்பாள், வாயில் வைப்பதில்லை. எங்கள் தெருவில் இப்படியொரு வைராக்கியம் யாருக்கும் கிடையாது. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை.

நேற்று மதியம் எனக்காக நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

"உப்பு பாருண்ணா."

"சரியா கீது."

"ஒரே ஒரு துண்டு துன்னா இன்னா? ஒரு முத்தல போட்டா போச்சு."

நான் சோற்றைப் பிசைந்தேன். வேண்டாமென்று சொன்னால் வீம்புக்குத் தின்றுவிடுவாள். கரண்டியில் ஒரு துண்டை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒருமுறை மோந்தாள். பிறகு அதை என் தட்டில் வைத்து, கரண்டியைக் கழுவப் போனாள்.