கதவு திறப்பதற்குள்

எதையும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது வடக்குச் சித்திரை வீதி சௌரிராஜனின் கொள்கை. அவர் வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோயிலின் வடக்கு வாசல். ஆனால் வெளியூர் விருந்தாளி வந்துவிட்டால், ஆட்டோ பிடித்து ஊரைச் சுற்றித் தெற்கு ராஜகோபுரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கிருந்து பிராகாரம் பிராகாரமாக, தூண் தூணாக விளக்கம். போன ஆடியில் வந்த பெங்களூர் சம்பந்தி சன்னதியை எட்டுவதற்குள் நடை சாத்தி, திறந்து, மறுபடியும் சாத்திவிட்டார்கள். இடையில் அவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது என்று வீதியில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் நானே பார்த்தேன், மார்பு வரை இருந்தது.

கைலாசபுரம் தொழிற்சாலையில் உழைத்து அவர் சம்பாதித்தவை இரண்டு. ஒன்று, பரக்கத் அலி என்ற சிநேகிதர். மற்றொன்று, நாற்பது வருஷமாக, பாகத்துக்கு ஒரு கேப்டனாக, ஓடும் ஒரு வெளிநாட்டு விண்கப்பல் தொடர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். பார்த்ததைவிடச் சண்டை போட்டது அதிகம். இந்த வருஷம் பரக்கத் அலி மகள் ஹஃப்ஸாவோடு இருக்க ஷார்ஜா போய்விட்டார். சனிக்கிழமை காலை தொடரின் புதுப் பாகம் வருகிறது. தனியாகப் பார்த்தால் யாரோடு சண்டை போடுவது? அதற்குள் ஒரு ஆளைப் பிடித்துத் தயார் செய்தாக வேண்டும்.

முதலில் சிக்கியவர் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். பாதிக் கதையில் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அவருடைய ஸ்பானர் இன்னும் சௌரிராஜன் வீட்டு டீப்பாயில் கிடக்கிறது.

மிச்சம், மனைவி வேதவதி. பாவம், ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். சௌரிராஜன் முதல் பாகத்தின் முதல் கதையைப் போட்டார். அதில் ஒரு கேப்டன் மூடிய கதவின் முன்னால் நின்று யோசிக்கிறார். வேதவதி எழுந்து போய் மோர்க்குழம்பு வைத்து இறக்கிவிட்டு வந்தாள். கேப்டன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, அந்தக் கதவை எப்பத் திறப்பா?"

"அவசரப்படாதே. அஞ்சாவது கேப்டன் வரச்சேதான் அதுக்கு அர்த்தம் தெரியும்."

"அதுக்குள்ள நம்ம பேத்திக்குக் கல்யாணமே ஆயிடும். நடுவுலேர்ந்து நல்லதா ஒண்ணு போடுங்கோளேன்."

"நடுவுலேர்ந்தா? அது மதில் ஏறிக் குதிச்சுப் பெருமாளைச் சேவிக்கற மாதிரி."

"நீங்க தினமும் தாயாரைச் சேவிக்க எந்த வாசல் வழியாப் போறேள்?"

சௌரிராஜன் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு, "நான் இந்த ஊர்க்காரன். எனக்கு எல்லா வாசலும் ஒண்ணுதான். புதுசா வர்றவாளுக்குத்தான் வரிசை வேணும்" என்றார்.

"அப்ப நீங்களே வரிசையா உக்காந்து பாருங்கோ" என்று வேதவதி எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சமையலறையிலிருந்து தொடரின் ஆரம்ப இசை கேட்டது. சௌரிராஜன் எட்டிப் பார்த்தார். குக்கரில் சாய்த்து வைத்த போனில் ஒன்பதாவது கேப்டன் அழுதுகொண்டிருந்தார். அரிவாள்மணைக்கு முன்னால் வேதவதியும் அழுதுகொண்டிருந்தாள்.

"யார் சொல்லி இதைப் போட்டே?"

"பாய் அண்ணாதான். இந்தக் கேப்டன் வந்ததுலேர்ந்து பாரும்மா, மீதி தன்னால புரியும்னார்."

உடனே ஷார்ஜாவுக்குப் போன் போனது.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தங்கச்சி பாவம், அய்யங்காரே. அந்தக் கதவுகிட்ட எத்தனை பேரைத்தான் நிக்க வைப்பீங்க?"

"முதல் பாகம் பாக்காம என்ன எழவு புரியும்?"

"எனக்குப் புரிஞ்சுதே. நானும்தான் அதைப் பாத்ததில்லை."

"என்னது?"

"நான் வீட்டுக்குக் கேபிள் இழுத்தப்பவே நாலாவது கேப்டன் வந்தாச்சு. அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் நீங்க கேசட்ல பாத்துட்டு வந்து சொன்னதுதான். ஒரு வரி விடாம சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்குங்க பாக்கணும்?"

அன்று சௌரிராஜன் மோர்க்குழம்பைக்கூடத் தொடவில்லை. அவர் விட்ட பெருமூச்சில் எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த புடவை திருவானைக்காவல் வரை போய்விட்டது.

சனிக்கிழமை அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். வேதவதி இரண்டு டம்ளர் காபியோடு வந்து, கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தாள். கதை ஆரம்பித்த சூட்டிலேயே, "இந்தக் கேப்டன் பொய் சொல்றார்" என்றாள்.

"சொல்ல மாட்டான். அந்தப் பரம்பரையே பொய் சொல்லாது. முதல் பாகத்துலேயே அவன் கொள்ளுப்பாட்டன்…"

"கொள்ளுப்பாட்டனை எனக்குத் தெரியாது. இவன் மூஞ்சியைப் பாருங்கோ."

அந்தச் சண்டை ராஜகோபுரம் வரை கேட்டது. அங்கே செருப்பு விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

கடைசியில் கேப்டன் சொன்னது பொய்தான்.

நேற்று காய்கறிக் கடையில் சௌரிராஜன் என்னைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்கோ மாமி. ஒண்ணுமே பாக்காதவ சொன்னது சரியாப் போச்சுன்னா, நான் இத்தனை வருஷம் முதல்லேர்ந்து பாத்தது எதுக்கு?"

"அடுத்த சனிக்கிழமையும் அவகூடத்தானே பாக்கப் போறேள்?" என்றேன்.

"வேற வழி? அவ உக்காந்துடறாளே. எனக்குச் சரியாப் பாக்கற ஆள் ஒருத்தர் வேணும். நீங்க வாங்கோ, முதல் பாகத்துலேர்ந்து போடறேன்."

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் நேற்று பாலே வாங்கவில்லை.