மேஜருக்கு மூட்டுவலி

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில், புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடிக்குமா?" இரண்டாவது கேள்வி, "எம்புட்டு வேகம் போகும்?" இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, "அதுக்குக் கால் வலிக்குமா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, பொழுது சாயும்வரை பேசியிருப்பேன்.

மாடிப்படியைக் கண்டதும் கைப்பிடியைத் தேடுகிறவர்களே, தரையில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் உங்கள் கூட்டம்தான். அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் மணல் கொட்டி, ஒரு சின்னப் பயிற்சித் திடல் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தேன். அதனால் இன்றைக்கும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். என்னிடம் மூன்று குதிரைகள். மூத்தவன் மேஜர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இருபது வயதைத் தாண்டிவிட்டான். மனுஷனாகப் பிறந்திருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். இந்த வட்டாரத்தில் குதிரை ஏறத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அவன் முதுகில் பழகியவர்கள்.

லாடம்

எங்கள் பக்கம் குதிரை லாடத்தை வாசல் நிலையில் அடித்துவைக்கிற வழக்கம் உண்டு. புது லாடத்துக்கு மதிப்பில்லை. குதிரை ஓடித் தேய்ந்ததாக இருக்க வேண்டும். லாடக்காரர் வந்து பழசைக் கழற்றுகிற நாளுக்காக, முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர், புதுக்கடைக்கு வேண்டுமென்று மேஜரின் பின்னங்கால் லாடம் ஒன்றை வாங்கிப் போனார். அடுத்த வாரமே காரில் வந்து இறங்கி, மஞ்சள் துணியில் சுற்றி அதைத் திருப்பிக் கொடுத்தார். லாடத்தின் நுனி மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தது; மற்ற பக்கமெல்லாம் தடிமன் குறையாமல் இருந்தது. இப்படித் தேய்ந்தது கடைக்கு ஆகுமா என்று வீட்டில் சந்தேகப்பட்டார்களாம்.

லாடத்தைக் கையில் வைத்துக்கொண்டே திடலுக்குப் போனேன். மேஜர் ஒரு மாணவியைச் சுமந்து வழக்கம்போல நடந்துகொண்டிருந்தான். தலை ஆடவில்லை, நடை பிசகவில்லை. ஆனால் மணலில் பின்னங்குளம்பு பதிந்த ஒவ்வொரு தடத்துக்கு முன்னாலும், விரலால் கிழித்த மாதிரி ஒரு சின்னக் கோடு இருந்தது. அவன் காலைத் தூக்கவில்லை, இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஓடித் தேஞ்ச லாடந்தான் கேட்டேன் டீச்சர். இது இழுத்துத் தேஞ்சதுல்ல."

டாக்டர் முன்னால் நல்லபிள்ளை

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். வீட்டில் "அம்மா, ஐயோ" என்று நகர்வோம். டாக்டரைப் பார்த்ததும் கால் தானாகச் சரியாகிவிடும். மேஜரும் அதைத்தான் செய்தான். கால்நடை டாக்டரம்மா வந்து நின்றதும் கழுத்தை நிமிர்த்தி, காதைத் தூக்கிக்கொண்டு ஏழு வயதுக் குதிரையைப் போல நடந்து காட்டினான். டாக்டரம்மா ஏமாறவில்லை. அவனுடைய பின்னங்காலைத் தூக்கி மடக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, சட்டென்று விட்டு ஓடச் சொன்னார். முதல் நாலைந்து எட்டுக்கு மேஜர் நொண்டினான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எக்ஸ்ரேயிலும் அதேதான் தெரிந்தது. பின்னங்காலில் பின்பக்கமாக மடிகிற மூட்டு இரண்டிலும் தேய்மானம். எப்போதிலிருந்து வலிக்கிறதோ, யாருக்குத் தெரியும்! நொண்டுகிற குதிரையைத்தான் காட்டில் புலி முதலில் பார்க்கும். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்திலேயே ஊறியது என்றார் டாக்டரம்மா. என் தோப்பில் இருக்கிற ஒரே ஆபத்து விழுகிற தேங்காய்தான். அதற்காகவா இத்தனை நாள் இந்த வலியை விழுங்கிக்கொண்டு நின்றான் என்று நினைத்தபோது, அவனைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இனி இவன் மேல் ஆளை ஏற்றலாமா, கூடாதா? அதைத்தான் கேட்டேன். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முழுசா ரெஸ்ட் கொடுத்தா மூட்டு இறுகிப்போகும், பழையபடி வேலை கொடுத்தா வலிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து இருக்கு டீச்சர், அதுலதான் ஓட்டணும்."

வாசனை

மேஜருக்கு மூட்டுவலி என்ற செய்தி உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதுதான் தாமதம், ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். முடக்கத்தான் கீரை கட்டுக் கட்டாக வந்தது. ஒரு அம்மா அதைத் தோசையாகவே சுட்டு டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். (தோசையை நான் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.) தேவாரத்திலிருந்து ஒருவர், மலைக்கு அந்தப் பக்கம் சொல்லி வாங்கிய கேரளத் தைலத்தைப் பாட்டிலோடு கொடுத்தார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். மனுஷர் சாப்பிடுகிற வலி மாத்திரை எதையும் குதிரைக்குக் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர், இதை மேலே தடவிப் பார்ப்பதில் தப்பில்லை, நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவனுக்குத் தடவியது போக மிச்சத்தை என் முழங்காலுக்குத் தடவினேன். நாள் போகப் போக, எனக்குத் தடவியது போக மிச்சம் அவனுக்கு என்று ஆகிவிட்டது. தைலத்தால் அவனுக்கு என்ன பலன் என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் நான் குனிந்து தேய்க்கும்போது, அவ்வளவு பெரிய உடம்பு தன் பாரத்தை மெல்ல மறுகாலுக்கு மாற்றி, வலிக்கிற காலைத் தளர்த்தி என் கையில் கொடுக்கும். அதற்காகவே தினமும் தேய்த்தேன். மகளைப் பயிற்சிக்குக் கூட்டிவருகிற ஒரு தாய், மூக்கைச் சுருக்கிக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனைக்காதீக டீச்சர், கண்ண மூடிக்கிட்டா இங்கன நிக்கிறது நீங்களா மேஜராண்டு தெரிய மாட்டேங்குது."

வாய்க்கால்

தோப்பை ஒட்டி, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஓடுகிறது. பயிற்சி முடிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டதும் மேஜர் தானாக அங்கே இறங்கி, பின்னங்கால் மூட்டு நனைகிற ஆழம் பார்த்து நிற்க ஆரம்பித்தான். தண்ணீர் குடிக்க மாட்டான், மேய மாட்டான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரைக் காலில் வாங்கிக்கொண்டு நிற்பான். ஆழம் குறைகிற நாளில் ரெண்டு எட்டு நகர்ந்து சரியான இடத்தைப் பிடித்துக்கொள்வான். வலிக்கிற மூட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் நல்லது என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

பக்கத்து வயல்காரருக்குக் கோபம். மடையைக் கலக்குகிறது என்று கம்போடு வந்தார். வந்தவர் அவன் நிற்கிற நிலையைப் பார்த்து, கம்பைக் கீழே போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்று நட்டு வீங்கிப்போன தன் காலோடு அவனுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, குதிரைக்கு மரியாதை கொடுத்தே கேட்டார்: "இவுக யாருகிட்ட டீச்சர் வைத்தியம் படிச்சாக?"

மாப்பிள்ளை

டாக்டரம்மா போட்ட கட்டளைகளில் முக்கியமானது எடை. கனமான ஆள் ஏறக் கூடாது. இது தெரியாமல் தேனியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம், மாப்பிள்ளை அழைப்புக்கு மேஜரைக் கேட்டு வந்தது. மற்ற இரண்டும் மேளச் சத்தத்துக்கு மிரளும். மேஜர் வெடிச்சத்தத்திலும் கண் சிமிட்ட மாட்டான். சரி, மாப்பிள்ளையைப் பார்க்கலாமே என்றேன். காரைவிட்டு மாப்பிள்ளை இறங்கினார். கார் ஒரு ஜாண் மேலே எழும்பியது. நான் மாட்டேன் என்றேன். பெரியவர்கள் குரலை உயர்த்தினார்கள். மாப்பிள்ளை மட்டும் மேஜரின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அழைப்பு நடந்தது: சேணம் காலியாக, மாலையோடு மேஜர் நடக்க, மாலையோடு மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். அதை முடிவு செய்தவர் அவரேதான்: "நான் நடந்தே வர்றேன் டீச்சர். கல்யாணம் ஆகப்போகுது, பாரம் சொமக்கிறது எப்பிடிண்டு இவருகிட்டக் கேட்டுக்கிட்டே வர்றேன்."

தூக்கம்

இப்போது சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை. மேஜரின் முன்னங்கால் கணுக்களில் திடீரென்று சிராய்ப்புகள் தெரிந்தன. அவனைப் பார்த்துக்கொள்கிற சின்னச்சாமி, யாரோ கயிறு போட்டிருக்கிறார்கள் என்று கத்தினார். ஒரு நாள் நடுப்பகலில் நானே பார்த்தேன். தென்னை நிழலில் நின்றுகொண்டிருந்த மேஜரின் தலை மெல்லத் தாழ்ந்தது. மூக்கு மண்ணைத் தொடுகிற நேரம், முன்னங்கால்கள் மடங்கிக் கணுக்கள் தரையில் மோதின. திடுக்கிட்டு எழுந்து நின்று, தூங்கவே இல்லை என்பதுபோல என்னைப் பார்த்தான்.

குதிரை நின்றுகொண்டே கண் அயரும். ஆனால் ஆழ்ந்து தூங்க வேண்டுமென்றால் படுத்தே ஆக வேண்டும். அவன் படுப்பதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. படுத்தால் இந்தக் காலை வைத்துக்கொண்டு எழ முடியாதோ என்று அவனுக்குப் பயம். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: இப்படியே போனால் ஒரு நாள் ஆளோடு விழுவான், படுத்து எழ முடியாமல் போனால், அவர் கருணைக்கொலை ஊசியோடுதான் வர வேண்டியிருக்கும். அன்றோடு அவன் முதுகில் ஆள் ஏற்றுவதை நிறுத்தினேன். தினமும் கையில் பிடித்து நடத்தினோம், மருந்து கொடுத்தோம். கயிற்று மில்லிலிருந்து தென்னைநார்க் கழிவை டிராக்டரில் அடித்து, வெயில் படுகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டோம். மேஜர் அதன் மேல் ஏறிச் சுற்றிச் சுற்றி வருவான், முன்னங்காலை மடக்குவான், பாதியில் நிறுத்துவான், இறங்கிப் போய்விடுவான். தினமும் இதேதான். சின்னச்சாமி ஒரு நாள் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்: "மெத்தைய வாங்கியாச்சு டீச்சர். படுக்கிறதுக்குத் தைரியம் வேணுமே, அத எங்கன போயி வாங்க?"

மாலை

உத்தமபாளையத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மெயின் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிற ஜோசப். "டீச்சர், மேஜரு போயிட்டாகளாமே" என்று அழுதார். பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்களாம், கால் நாலையும் நீட்டிக் கிடக்கிறானாம். பையை அங்கேயே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, கொட்டு அடித்துத்தான் அடக்கம் செய்வார்கள். அந்த முறைப்படி ஜோசப் ரோஜா மாலையோடு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். கூடவே ஒரு கூட்டம். எல்லோருக்கும் முன்னால் சின்னச்சாமி, வாயில் விரலை வைத்தபடி நின்றார்.

நார் மெத்தையில் மேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கனவில் குளம்பு துடித்தது. நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் எனக்கும் சின்னச்சாமிக்கும் தெரியும்: படுத்தது பாதிதான். கண் விழித்தான். தலையைத் தூக்கினான். முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி ஊன்றி ஓர் உந்து உந்தினான். பின்னங்கால் வழுக்கி, மொத்த உடம்பும் பொத்தென்று விழுந்தது. மேஜர் அவசரப்படவில்லை. பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டான். மறுபடி உந்தினான். தொடைகள் நடுங்கின, வால் விறைத்தது, கழுத்து வில்லாக வளைந்தது, மலை மாதிரி அந்த உடம்பு அங்குலம் அங்குலமாக மேலே வந்து நின்றது. உடம்பைச் சிலிர்த்து நாரை உதறிவிட்டு வேலிக்கு நடந்து வந்தான். ஜோசப் கையில் இருந்த மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து மென்றான்.

ஜோசப் மாலையைப் பிடித்தபடியே முழங்கால் போட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆண்டவரு உயிர்த்தெழுந்தாருண்டு வருசா வருசம் ஈஸ்டர் பூசைக்குப் போறேன் டீச்சர். எந்திரிக்கிறது இம்புட்டுக் கஷ்டமுண்டு இன்னைக்குத்தான் தெரியுது."

மேஜர் இப்போது தினமும் படுத்துத் தூங்கி எழுகிறான், டாக்டரம்மா அனுமதித்தபடி ஒல்லியான பிள்ளைகளை மட்டும் மெதுநடையில் சுமக்கிறான். குதிரை மேல் ஏற்றிவிட மாதாமாதம் கட்டணம் வாங்குகிற நானோ, வெயில் ஏறியதும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே கிடந்து எழுந்திருப்பது எப்படி என்று அவனிடம் இலவசமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.