எட்டு மணி நேரம் தீர்ந்தபின்

இடது முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே ஊதா மையால் ஒரு கோடு போட்டுவிட்டு நர்ஸ் போய்விட்டார். பைண்டர் அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயில் கறுத்துப்போனவை இரண்டு கால்விரல்கள். கோடு ஏன் இங்கே?

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் அரசாங்கப் படிவங்களைத் தைத்து ஒட்டிக் கட்டுகிறாள். வெட்டு இயந்திரத்தின் கத்தி இறங்குவது தரை வழியாக அவள் உள்ளங்காலுக்கு வரும். கத்தி மழுங்கினால் மெக்கானிக்குக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். "இவ காலுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கணும்" என்பார் முதலாளி. கொடுத்ததில்லை.

நேற்று டாக்டர் அரை நிமிடம் பேசினார். அவர் வாயைப் பார்த்தபடி அவள் தலையாட்டினாள். சைகையில் பேசுகிறவர்களுக்குள் அதற்கு "பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்" என்றுதான் அர்த்தம். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நீட்டிய காகிதத்தில் அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், நீண்ட வாக்கியங்கள் பிடிபடாது. சைகை செய்தால் கையில் அடி விழுந்த பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்த படிப்பு அவ்வளவுதான்.

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்து, கோட்டைக் காட்டினாள். வா, சாப்பிடு, தூங்கு என்பதற்கு மேல் சைகை தெரியாத நாத்தனார், கோட்டைப் பார்த்ததும் வார்டு கிளார்க்கிடம் ஓடினாள்.

"சார், எங்க அண்ணிக்கு என்ன பண்ணப் போறாங்கன்னே தெரியல. சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்க."

"அதுக்கு ஆஸ்பத்திரில நிதி இல்லம்மா. சமூகநலத்துறைதான் கொடுக்கும். ஆளுக்கு வருஷத்துக்கு எட்டு மணி நேரம். இவங்களுக்குத் தீர்ந்துபோச்சு."

"எப்படித் தீர்ந்துச்சு?"

"எட்டு மணி நேரமும் தொழிலாளர் ஆபீஸ் விசாரணைலயே போயிருக்கு."

"அன்னைக்கு அதிகாரி வரவே இல்லையே சார். பெஞ்சில உக்காந்திருந்தோம்."

"மொழிபெயர்ப்பாளரும் கூட உக்காந்திருந்தாருல்ல? காத்திருக்கிற நேரமும் கணக்குதான்."

"வருஷத்துக்கு எட்டு மணி நேரமா? எங்க வீட்டுக்காரரைத் திட்டவே எனக்கு அது பத்தாது சார்."

கிளார்க் சிரித்துவிட்டுப் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். அனுமதி வர மூன்று நாளாகும். ஆபரேஷன் இன்று பதினொரு மணிக்கு.

அதிகாரி வராத நேரத்தை அதிகாரியின் தலையில் எழுதாமல் காது கேட்காதவளின் தலையில் எழுதும் இந்தக் கணக்கை, யாரோ நன்றாகக் காது கேட்கிற ஒருவர்தான் மேஜையில் உட்கார்ந்து போட்டிருப்பார்.

பத்தரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. அக்காவைப் படுக்கவைத்து மருத்துவக் கோப்பினை அவள் வயிற்றின்மேல் வைத்தார்கள். எதிர்க் கட்டிலிலிருந்து நேற்று ஆபரேஷனுக்குப் போன ஒருவர் தொடை மட்டும் மிஞ்சித் திரும்பி வந்திருந்தார். எவ்வளவு எடுப்பார்கள்? யாரைக் கேட்பது, எந்தக் கையால்?

கோப்பின் மேலேயே நேற்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அதன் அடியில் ஒரு வரி. லட்சக்கணக்கான படிவங்களின் அடியில் பார்த்துப் பார்த்து அவள் கண்ணில் பதிந்துபோன வரி: அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது.

ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். தன் கையெழுத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, தாள் கிழியும்வரை அடித்தாள்.

வார்டே அல்லோலகல்லோலப்பட்டது. டாக்டர் வந்து கத்தினார். ஆபரேஷன் தியேட்டர் காலியாகக் கிடந்தால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும். நிதியே இல்லாத ஆஸ்பத்திரிக்கு, 'இதர செலவு' என்ற தலைப்பில் இருபது நிமிடத்தில் நிதி கிடைத்தது.

மொழிபெயர்ப்பாளர் மூச்சு வாங்க வந்தார். அவசரத்தில் அவள் சைகை செய்த முதல் கேள்வி குலைந்துபோனது. மறுபடி கேட்டாள்: எவ்வளவு?

டாக்டர் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுத்தா பாதுகாப்பு. விரலை மட்டும் எடுக்கலாம், ஆனா புண்ணு ஆறாம மேல ஏறினா மறுபடி வெட்டணும். அப்ப உயிருக்கே ஆபத்தாகலாம். நேத்தே சொன்னேனே, தலையாட்டினாங்களே."

மொழிபெயர்ப்பாளரின் கைகளை அவள் இமைக்காமல் பார்த்தாள். கழுத்தை மட்டும் கட்டைபோல விறைப்பாக வைத்திருந்தாள். ஒருமுறைகூட அசைக்கவில்லை. இரண்டு வழியையும் இருமுறை சொல்லச் சொன்னாள். பயம் குறையவில்லை. பாதத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு இரண்டு விரல்களை மடக்கினாள்.

"விரல் மட்டும் எடுங்கன்னு சொல்றாங்க. ஆபத்து புரிஞ்சுதான் சொல்றாங்களாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

புதுக் காகிதம் வந்தது. கையெழுத்துப் போட்டதும், நர்ஸின் தட்டிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அந்தக் கோட்டை அவளே தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். மை முழுவதும் போகவில்லை.